நத்தை சொல்லும் சாட்சி



மாலை மழை விட்டதும் வீட்டுக் கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள். சாக்கடைச் சுவரிலும், வாழையடியிலும், கீரைப் பாத்தி ஓரத்திலும் பெரிய பெரிய நத்தைகள் மெல்ல ஊர்ந்து வருவதைக் காணலாம். ஜொகூரில் தோட்டத்து லயமானாலும் சரி, தாமான் வீடானாலும் சரி, இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. கண்டதும் உப்பு டப்பாவை எடுத்து வருவோர் பலர். முளைத்து வரும் கீரையை ஒரே இரவில் மொட்டையடித்துவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் இன்று ஒரு கால் மணி நேரம் அந்த உப்பைக் கீழே வைத்துவிட்டு, நத்தையின் மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். நாம் குடியிருக்கும் மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்பதைத் தன் உடம்பில் பதிவு செய்துகொள்ளும் பிராணி அது.

2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். மார்ச் 7ஆம் நாள் ஆற்றுக்கு அருகிலிருந்த பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறலும் வாந்தியும் ஏற்பட்டன. அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடி வந்தனர். மார்ச் 13ஆம் நாள் அந்த வட்டாரத்திலிருந்த 111 பள்ளிகளையும் மூட நேர்ந்தது. பெற்றோர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

ஆயினும் அந்தத் துன்பத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நஞ்சு ஆவியாகக் கூடிய நஞ்சு. அதற்கு வாடை இருந்தது. மூக்கு முதலில் எச்சரித்தது. நுரையீரல் அடுத்து எச்சரித்தது. ஊர் விழித்துக்கொண்டது. வாடையே இல்லாத நஞ்சு மண்ணில் கலந்தால் நம்மை யார் எச்சரிப்பது? இந்தக் கேள்விக்குத்தான் நத்தை விடை சொல்ல வருகிறது.

ஈயம், காட்மியம், பாதரசம், செம்பு, துத்தநாகம் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். இவற்றுள் செம்பும் துத்தநாகமும் சிறிதளவு உடம்புக்குத் தேவை. அளவு மீறினால்தான் கெடுதல். ஈயம், காட்மியம், பாதரசம் ஆகிய மூன்றும் நம் உடம்புக்கு எந்த வகையிலும் தேவையற்றவை. மண்ணில் கலந்த உலோகம் இலை தழையைப் போல மக்கிப் போவதில்லை. மழை கொஞ்சம் கழுவிச் செல்லும். செடி கொஞ்சம் உறிஞ்சும். மற்றது அங்கேயே கிடக்கும்.

இதன் கொடுமையை உலகத்துக்கு உணர்த்தியது ஜப்பான். அங்கே தொயாமா மாவட்டத்தில் சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் ஜின்சூ ஆற்று நீர் வழியே நெல் வயல்களில் பரவியது. அந்த அரிசியை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களின் சிறுநீரகம் கெட்டு, எலும்பு பலவீனமாகி, சிறு அசைவிலும் முறிந்தது. நோயாளிகள் வலி தாங்காமல் அலறிய சொல்லே நோயின் பெயராகி, ‘இத்தாய் இத்தாய்’ என்று வழங்கியது. 1968ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசாங்கம் காட்மியமே காரணம் என்று ஏற்றுக்கொண்டது. வயலில் வாடை இல்லை. அரிசியில் கசப்பும் இல்லை. மனித உடம்பில் சேர்ந்த காட்மியத்தில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் மாநிலத்தில் இவ்வுலோகங்கள் எங்கிருந்து வரக்கூடும்? பாசீர் கூடாங் போன்ற தொழிற்பேட்டைகள் நமக்கு வேலையும் வருமானமும் தந்தவை. அவற்றின் புகையும் கழிவும் சரியாகக் கையாளப்படாவிட்டால் அங்கிருந்து வரலாம். கோத்தா திங்கி வட்டாரத்தின் பழைய ஈயச் சுரங்க நிலங்களும் உண்டு. அங்கே ஈயம் என்று நாம் வழக்கத்தில் சொல்வது வெள்ளீயத்தைத்தான். ஆனால் அதன் தாதுவோடு வேறு உலோகங்களும் சேர்ந்தே மேலே வரும். பெட்ரோலில் ஈயம் கலந்த காலம் ஒன்று இருந்தது. மலேசியாவில் 1990களில் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் கைவிட்டது. ஆனால் அந்தக் காலத்துப் புகையிலிருந்து சாலையோரத்தில் படிந்த ஈயம் மண்ணை விட்டு எளிதில் போவதில்லை. பாறையிலிருந்து எடுக்கும் பாஸ்பேட் உரத்தில் இயற்கையாகவே சிறிதளவு காட்மியம் இருக்கும். இவை போதாவென்று, பழைய கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பதும், மின்கம்பியைக் கொளுத்திச் செம்பு எடுப்பதும் சில இடங்களில் நடக்கின்றன.

‘மண்ணை எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பினால் தெரிந்துவிடுமே, நத்தை எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மண் சோதனை மிகவும் அவசியம்தான். ஆனால் மண்ணில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் எவ்வளவு உயிர்களின் உடம்புக்குள் போகிறது என்பது வேறொரு கணக்கு.

இதற்குப் பொந்தியான் பக்கத்து அன்னாசித் தோட்டங்களே நல்ல உதாரணம். அங்குள்ள நிலம் சருகும் மரமும் மக்கிக் கறுத்துப்போன சதுப்பு நிலம். இந்த மண் செம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அன்னாசிச் செடி செம்புக் குறைவால் வாடும். செடிக்கு எட்டும்படி விவசாயி செம்பை உரமாகத் தனியே கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, புளிப்புத் தன்மை மிகுந்த சாதாரண மண்ணில் காட்மியமும் துத்தநாகமும் எளிதில் கரைந்து வேருக்குப் போய்ச் சேரும். ஜொகூரில் மழை அதிகம். மண்ணும் பெரும்பாலும் புளிப்பு மண்ணே. இரண்டு பாத்திகளில் ஒரே அளவு காட்மியம் இருந்தாலும், ஒன்றில் விளையும் கீரை நஞ்சாகலாம். மற்றதில் விளைவது நஞ்சாகாமல் போகலாம். எனவே மண்ணைக் கேட்டால் மட்டும் போதாது. அந்த மண்ணில் வாழும் ஓர் உயிரையும் கேட்க வேண்டும்.

இப்படி உயிர்களைக் கேட்கும் வழக்கம் நம் கரையிலேயே இருக்கிறது. ஜொகூர் நீரிணையில் பச்சைச் சிப்பி, மலாயில் ‘குப்பாங்’ என்பது, ஏராளமாக வளர்கிறது. அது ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு கடல்நீரை வடிகட்டி உண்ணும் பிராணி. மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டுக்குப் பின் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பல இடங்களிலிருந்து இச்சிப்பியைத் திரட்டி, அதன் சதையில் காட்மியம், செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றை அளந்தனர். பாசீர் கூடாங் பக்கத்துக் கம்போங் பாசீர் பூத்தே சிப்பிகளில் கன உலோகங்கள் மற்றப் பல இடங்களைவிடக் கூடுதலாக இருந்தன. பிற்பாடு, ஒரு கரையில் வளர்ந்த சிப்பிகளைக் கூண்டிலிட்டு வேறொரு கரையில் தொங்கவிட்டு, உடம்பிலுள்ள உலோகம் எப்படிக் கூடுகிறது, எப்படிக் குறைகிறது என்றும் பார்த்தனர்.

மலையில் வேறொரு சாட்சி. தமிழ்நாட்டில் கொடைக்கானலில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை பாதரச மாசு காரணமாக 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஐதராபாத் விஞ்ஞானிகள் அந்த மலையின் பாசிகளையும், கறிக்கு மணம் சேர்க்க நாம் போடும் கல்பாசியின் இனத்தைச் சேர்ந்த மரப்பாசிகளையும் சோதித்து, காற்றில் பாதரசம் பரவியிருந்ததை 2003இல் வெளியிட்டார்கள். வேரில்லாத அந்தப் பாசிகள் காற்றிலிருந்தே உணவையும் ஈரத்தையும் எடுப்பவை. ஆகவே காற்றுக்கு அவை சாட்சி. கடலுக்குச் சிப்பி, காற்றுக்குப் பாசி என்றால், தரைக்கு நத்தை.

நேயர்களே, நம் கொல்லையில் காணும் பெரிய நத்தை இந்நாட்டுக்குரியதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவே அதன் தாயகம். 1847ஆம் ஆண்டில் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீசியஸ் தீவிலிருந்து இதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து பரவி, 1900ஆம் ஆண்டளவில் இலங்கையிலும், 1920களில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தென்பட்டது. மலாய்க்காரர்கள் இதை ‘சிப்புட் பாபி’ என்பார்கள். ஒரே தடவையில் நூறு, இருநூறு முட்டைகளுக்கு மேல் இடும். ஐந்தாறு ஆண்டுகள் வரை வாழக்கூடியது. உண்ணும் செடிவகைகள் ஐந்நூறுக்கும் மேல்.

இந்தக் கெட்ட குணங்கள்தாம் சாட்சிக்கு நல்ல குணங்கள். எங்கும் கிடைக்கிறது. பெரிதாக இருப்பதால் சோதனைக்குப் போதுமான சதை கிடைக்கிறது. வெகு தூரம் ஓடிப்போவதில்லை; ஒரு வீட்டுக் கொல்லையில் பிடித்த நத்தை பெரும்பாலும் அந்தக் கொல்லையின் கதையைத்தான் சொல்லும். இலையைத் தின்கிறது, அதோடு ஓட்டுக்கு வேண்டிய சுண்ணத்துக்காக மண்ணையும் தின்கிறது. பேராக்கில் உள்ளது போன்ற பெரிய சுண்ணாம்புக் குன்றுகள் ஜொகூரில் இல்லை. ஆகவே நம்மூர் நத்தை சுண்ணம் தேடிச் சிமெண்டுச் சுவரையும் சுரண்டும். போதாததற்கு ஈரமான வயிற்றுப்பாதம் எப்போதும் மண்ணோடு மண்ணாக ஒட்டியே கிடக்கிறது. தோல் வழியாகவும் உலோகம் ஏறுகிறது.

ஏறிய உலோகம் எங்கே போகிறது? நத்தை ஓட்டின் உச்சிச் சுருளுக்குள் செரிமானச் சுரப்பி ஒன்று சுருண்டு கிடக்கிறது. நமக்குக் கல்லீரல் செய்யும் வேலைகள் பலவற்றை நத்தைக்கு அது செய்கிறது. காட்மியம் வந்ததும் அங்கே கந்தகம் மிகுந்த ஒருவகைப் புரதம் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. திருடனைப் பிடித்து அறையில் அடைத்துக் காவல் வைப்பது போலத்தான். நத்தையில் காட்மியத்துக்கு ஒரு புரதமும், செம்புக்கு வேறொரு புரதமும் இருப்பதை ஆஸ்திரிய விஞ்ஞானி டாலிங்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1997இல் எடுத்துக்காட்டினார்கள். இப்படிச் சிறைப்பட்ட காட்மியம் நத்தைக்கு உடனடித் தீங்கு செய்வதில்லை; வெளியே போவதும் இல்லை. நாளாக ஆக அளவு ஏறிக்கொண்டே போய், மண்ணிலும் இலையிலும் இருப்பதைவிடப் பல மடங்காகிவிடும். ‘நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும்’ என்பார்கள் நம் பெரியவர்கள். மாசுபட்ட மண்ணில் வாழும் நத்தையின் வயிற்றில் பிறப்பது இந்த உண்மை என்னும் முத்து.

இது வெறும் கருத்தன்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே அவன்மவுத் என்ற இடத்தில் துத்தநாகமும் ஈயமும் உருக்கும் பெரிய ஆலை ஒன்று 2003ஆம் ஆண்டு வரை இயங்கியது. 1970களில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோட்ரி, மார்ட்டின் என்ற இருவர் அங்குள்ள தோட்டத்து நத்தைகளைச் சோதித்தனர். உடம்பிலிருந்த காட்மியத்தின் பெரும்பகுதி செரிமானச் சுரப்பியிலேயே இருந்தது. ஐரோப்பாவில் அதன் பிறகு இம்முறை நன்றாக வளர்ந்துவிட்டது. சம வயதுள்ள நத்தைகளைக் கூண்டிலிட்டு, சந்தேகத்துக்குரிய நிலத்தில் 28 நாட்கள் வைத்துச் சோதிக்கும் முறைக்குச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2021ஆம் ஆண்டில் விதிமுறையே வகுத்துவிட்டது.

நம்மூரில் இச்சோதனையை எப்படிச் செய்வது? ஒரு தொழிற்பேட்டையின் வேலியோரத்தில் பத்து நத்தைகள், அரைக் கிலோமீட்டர் தள்ளிப் பத்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பத்து, தொழிற்சாலையே இல்லாத தொலைதூரக் கம்பத்தில் பத்து என்று ஒரே அளவில் பொறுக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்கள் பட்டினி போட்டுக் குடலைக் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் குடலிலுள்ள மண்ணையும் சேர்த்து அளந்துவிடுவோம். பிறகு சுரப்பியைப் பிரித்து உலர்த்தி, அமிலத்தில் கரைத்து, உலோகத்தை ஒளியால் அளக்கும் கருவியில் இடுவார்கள். விடை பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று வரும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு டன் அரிசியில் ஒரு கிராம். வேலியோர நத்தையில் அதிகமாகவும், தூரம் போகப் போகக் குறைவாகவும் இருந்தால், கை எந்தத் திசையைக் காட்டுகிறது என்று சொல்லத் தேவையில்லை. தொலைதூரக் கம்பத்து நத்தை மிகவும் முக்கியம். அது இல்லாவிட்டால் கிடைத்த எண் அதிகமா, இயல்பா என்றே தெரியாது.

எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கக் கூடாது அல்லவா? நத்தையையும் அப்படியே செய்வோம். முதலாவது, எல்லா உலோகத்தைப் பற்றியும் அது ஒரே மாதிரி பேசாது. காட்மியத்தைப் பற்றி மிகத் தெளிவாகச் சொல்லும். ஈயத்தைப் பற்றி ஓரளவு சொல்லும். ஈயத்தில் ஒரு பங்கு சுண்ணத்துக்குப் பதிலாக ஓட்டிலும் போய்ச் சேர்ந்துவிடும். செம்பைப் பற்றி அது சொல்வதை அப்படியே நம்ப முடியாது. ஏனெனில் நத்தையின் ரத்தத்தில் நம்மைப் போல் இரும்பு இல்லை, செம்புதான் உண்டு. தேவைக்கேற்ப அதைக் கட்டுப்படுத்தி வைத்துக்கொள்ள நத்தைக்குத் தெரியும். இரண்டாவது, வயதான நத்தையில் அதிகம் இருக்கும். இளசில் குறைவாக இருக்கும். ஆகவே சிறிதையும் பெரிதையும் கலந்து ஒப்பிட்டால் தவறான தீர்ப்பு வரும். மூன்றாவது, இதைப் பலர் தவறாக எண்ணுகிறார்கள்: ஓரிடத்தில் நத்தை நிறைய இருப்பதால் மண் சுத்தம் என்று அர்த்தமில்லை. நஞ்சைக் கட்டிவைக்கத் தெரிந்த பிராணி நஞ்சு நிலத்திலும் கொழுத்து வாழும். கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. சோதனைச் சாலைதான் சொல்ல வேண்டும்.

இதிலிருந்து நாம் வீட்டில் அனுசரிக்க வேண்டியவை சில உண்டு. சாக்கடை ஓரத்திலும் தொழிற்சாலை ஓரத்திலும் பிடித்த நத்தையை யாரும் சமைத்து உண்ண வேண்டாம். நசுக்கி வாத்துக்கும் கோழிக்கும் போடவும் வேண்டாம். நத்தை கட்டிவைத்த காட்மியம் அதைத் தின்னும் பிராணிக்கு அப்படியே போகும். வெறுங்கையால் நத்தையைத் தொடவும் கூடாது. எலியிடமிருந்து வரும் ஒருவகைப் புழு இந்த நத்தையில் தங்கியிருக்கும். அது மனிதனுக்குள் போனால் மூளை உறையை அழற்சி கொள்ளச் செய்யும். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பள்ளி அறிவியல் கழகத்தார் நத்தை பொறுக்கினால் கையுறை அவசியம். பொறுக்கியதை வேறு ஊரில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது; இருக்கிற தொல்லை போதும்.

கீரைப் பாத்தியைச் சடக்கோரமும் சாக்கடையோரமும் போடாதீர்கள். மண் புளிப்பாயிருந்தால் சுண்ணாம்புத் தூள் இட்டுப் புளிப்பைக் குறையுங்கள். காட்மியம் வேருக்குப் போவது குறையும். கீரையை மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். விளையாடி வந்த குழந்தை சாப்பிடுமுன் கை கழுவட்டும். குழந்தைகளின் மூளைக்கு ஈயம் செய்யும் கேடு மிகப் பெரிது. இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை. பழைய பேட்டரியையும் மின்சாதனக் கழிவையும் கொல்லையில் உடைக்கவோ கொளுத்தவோ வேண்டாம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005இல் வந்த விதிகள் அவற்றை அட்டவணைக் கழிவுகள் என்று வகைப்படுத்தியிருக்கின்றன. கண்ட இடத்தில் கொட்டுவது குற்றம். யாராவது கொட்டக் கண்டால் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை.

தோட்டத்தில் பால்மரம் சீவிய பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ரப்பர் பாலில் செம்பு பட்டால் ரப்பர் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். ஆகவே செப்புப் பாத்திரமும் பித்தளைப் பாத்திரமும் பாலுக்கு உதவாது. கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகமும் ஒரு பொருளின் குணத்தையே மாற்றிவிடும் என்பதை அந்தப் பாலே காட்டிவிட்டது. ரப்பருக்கு நாம் காட்டிய அந்த எச்சரிக்கையை நம் பிள்ளைகள் விளையாடும் மண்ணுக்கும் காட்ட வேண்டாமா?

கிம் கிம் ஆற்றில் பிள்ளைகளின் மூச்சுத்தான் முதல் எச்சரிக்கையாயிற்று. அடுத்த முறை அந்த நிலை வரக் கூடாது. சிப்பியும், பாசியும், நத்தையும் நமக்கு முன்பே அறிந்து வைத்திருப்பதை, காலம் தவறாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு ஒவ்வொரு தொழிற்பேட்டையைச் சுற்றியும் இருக்குமானால், பிள்ளைகளின் உடம்பைச் சோதித்து மண்ணின் நிலையை அறிய வேண்டிய அவசியம் நேராது.

இன்றிரவு மழை பெய்தால் உங்கள் கொல்லையிலும் நத்தை வரும். கீரையைக் காப்பாற்ற அதை அகற்றத்தான் வேண்டும்; அகற்றுங்கள். ஆனால் அதற்குமுன் ஒரு நிமிடம், இது எந்த மண்ணைத் தின்று இவ்வளவு பெரிதாயிற்று என்று நினைத்துப் பாருங்கள். அந்த மண்ணில்தான் நம் கீரையும் வளர்கிறது.